மூணு ஊர், மூணு சட்டம், ஒரு வ.வே.சு. ஐயர்

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற யாரைக் கேட்டாலும் வ.வே.சு. ஐயர்னா 'குளத்தங்கரை அரசமரம்' எழுதினவர், தமிழ்ச் சிறுகதை முன்னோடின்னு டக்குனு சொல்லிடுவாங்க. அதே ஐயர் துப்பாக்கி சுடக் கத்துக்கொடுத்தவர்ங்கிறது பல பேருக்குத் தெரியாது. அவர் வாழ்க்கையை அந்தக் காலத்து ஆயுதச் சட்டங்களோட சேர்த்துப் பார்த்தா செம இன்ட்ரஸ்டிங்கா இருக்கும்.

1881-ல் திருச்சி வரகனேரியில் பிறந்தார். அவருக்கு மூணு வருஷம் முன்னாடி, 1878-ல், வைஸ்ராய் லிட்டன் இந்திய ஆயுதச் சட்டத்தைக் கொண்டு வந்திருந்தார். இந்தியர் துப்பாக்கி வச்சிருக்கணும்னா லைசென்ஸ் கட்டாயம். ஐரோப்பியருக்கு அதிலிருந்து விலக்கு. அதாவது ஒரே ஊர், ஒரே தெரு, ஆனா ஆளைப் பொறுத்துச் சட்டம்.

திருச்சியிலும் ரங்கூனிலும் வக்கீல் வேலை பார்த்துட்டு, 1907-ல் பாரிஸ்டர் படிக்க லண்டன் போனார். அங்கே நிலைமையே வேற. தபால் ஆபீஸில் பத்து ஷில்லிங் கட்டினால் துப்பாக்கி லைசென்ஸ் கிடைக்கும். இந்தியாவில் சந்தேகப்படுற அதே அரசாங்கம், சொந்த ஊரில் பெரிசா எதுவும் கேட்கலை. இந்தியா ஹவுஸில் சாவர்க்கரோட பழகிய ஐயர் புரட்சியாளர் ஆனார். அங்கிருந்து 20 பிரவுனிங் பிஸ்டல்கள் ரகசியமா இந்தியாவுக்குப் போச்சு. 1909 ஜூலையில் மதன்லால் திங்ரா லண்டனிலேயே கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். போலீஸ் நெருக்க, சீக்கியர் வேஷத்தில் தப்பிய ஐயர் 1910-ல் புதுச்சேரி வந்து சேர்ந்தார்.

ஏன் புதுச்சேரி? நம்ம அரக்கோணத்துல இருந்து கொஞ்ச தூரம் போனா ஆந்திரா பார்டர். தாண்டினா போர்டுல எழுத்து மாறும், ஆயுதச் சட்டம் மாறாது. அன்னைக்குப் புதுச்சேரி எல்லை அப்படி இல்லை. அது பிரெஞ்சு மண், பிரிட்டிஷ் போலீஸ் உள்ளே வந்து கைது பண்ண முடியாது. பாரதியும் அரவிந்தரும் ஏற்கெனவே அங்கே இருந்தாங்க. அங்கேதான் ஐயரிடம் செங்கோட்டை வாஞ்சிநாதன் பயிற்சி எடுத்தார்னு சொல்றாங்க. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ஜங்ஷனில், ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்த கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சி, தன்னையும் சுட்டுக்கிட்டார். வாஞ்சிக்கு வயசு 25 தான். கிட்டத்தட்ட நம்ம சீனியர் செட். 33 வருஷமா அமலில் இருந்த அந்தக் கடுமையான சட்டத்தால இதைத் தடுக்க முடியலை.

அப்புறம்தான் ஐயர் மாறினார். புதுச்சேரியில் இருந்தபடியே திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1920-ல் பிரிட்டிஷ் இந்தியாவுக்குத் திரும்பி, காந்தி வழிக்கு வந்து, 'தேசபக்தன்' ஆசிரியர் ஆனார். அந்த எழுத்துக்காக ஜெயிலுக்கும் போனார். பிறகு சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். அங்கே பிராமண மாணவருக்குத் தனிப் பந்தி போட்டது பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்த பெரிய பிரச்சினை ஆச்சு. ஆளைப் பார்த்து மாறும் சட்டத்தை எதிர்த்தவரோட இடத்திலேயே ஆளைப் பார்த்து மாறும் பந்தி. இதையும் மறைக்காம சொல்லணும். 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றப் போய் அவரும் இறந்தார். வயசு 44.

அவர் போன பிறகும் அந்த விவாதம் முடியலை. 1930-ல் காந்தியே இர்வினிடம் வைத்த 11 கோரிக்கைகளில், தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் தரணும்ங்கிறதும் ஒண்ணு. 1931 கராச்சி காங்கிரஸ் ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமக்கள் உரிமையா அறிவிச்சுது. ஆனா 1950 அரசியல் சாசனத்தில் அது இல்லை. ஆயுதம் இல்லாமல் அமைதியாகக் கூடும் உரிமைதான் இருக்கு. 1959 ஆயுதச் சட்டம் எல்லாருக்கும் லைசென்ஸ்ங்கிறதைத் தொடர்ந்தது, 2019 திருத்தம் ஒருத்தருக்கு இரண்டு துப்பாக்கிதான்னு குறைச்சுது. அமெரிக்காவிலோ 1791-லிருந்து அது அரசியல் சாசன உரிமை. அங்கே ஸ்கூல்ல துப்பாக்கிச் சூடுன்னு நியூஸ் வரும்போதெல்லாம் அதே சண்டை திரும்ப ஆரம்பிக்குது.

என்னைக் கேட்டா, 1878 சட்டத்தோட தப்பு லைசென்ஸ் கேட்டது இல்லை, சிலர்கிட்ட மட்டும் கேட்டது. இன்னைக்கு எல்லார்கிட்டயும் கேட்கிறாங்க, அது கஷ்டமாவும் இருக்கு. அந்தக் கஷ்டம் இருக்கட்டும்னுதான் எனக்குத் தோணுது. உங்களுக்கு?