வம்சத்தின் பெருமையா, வம்சத்தின் பொறுப்பா? இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களை உருவாக்கிய தாய்





நம் பிள்ளைகள் வாலிப வயதை எட்டும்போது அவர்கள் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகிறது: நான் யார்? வீட்டில் இதற்குப் பதில் கிடைக்காத பிள்ளை தெருவில் தேடும், கையிலிருக்கும் செல்போனில் தேடும். அந்தப் பதிலைத் தன் மகனுக்கு இரண்டு வயதிலிருந்தே கொடுக்கத் தொடங்கிய ஒரு தாயைப் பற்றி இன்று பார்ப்போம். அவர் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் தாயார்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் சுபுஹில் குனூத் ஓதித் தொழுகிறோமே, அது இந்த இமாமின் மத்ஹபின்படிதான். நம் அன்றாடத் தொழுகையிலேயே அந்தத் தாயின் உழைப்புக்கு ஒரு பங்கு இருக்கிறது.

ஹிஜ்ரி 150, அதாவது கி.பி. 767. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் வஃபாத்தான அதே ஆண்டு. இன்று நாம் கண்ணீரோடு துஆ செய்கிறோமே, அந்த காஸாவில்தான் முஹம்மது இப்னு இத்ரீஸ் பிறந்தார்கள் என்பது பெரும்பாலான வரலாற்று ஆசிரியர்களின் கருத்து. பாட்டனாரின் பாட்டனார் பெயர் ஷாஃபிஉ. அதனால்தான் ஷாஃபிஈ என்ற பெயர். தந்தை இத்ரீஸ் அவர்கள் குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட்டார்கள். மிஞ்சியது ஓர் இளம் விதவையும், ஒரு கைக்குழந்தையும், வறுமையும்தான்.

ஆனால் அந்தக் குழந்தை குறைஷி. நபி (ஸல்) அவர்களின் கொள்ளுப்பாட்டனார் ஹாஷிமின் சகோதரர் முத்தலிபின் வழித்தோன்றல். அந்தத் தாயோ குறைஷி அல்ல. யமனின் அஸ்து கோத்திரத்தைச் சேர்ந்தவர் என்றே பலரும் எழுதியுள்ளனர். தன் சொந்தக் கோத்திரத்தாரிடம் போயிருந்தால் அவருக்கு வாழ்க்கை எளிதாக இருந்திருக்கும். ஆனால் அவர் அஞ்சியது வறுமைக்கு அல்ல. என் மகன் தான் யார் என்பது தெரியாமல் வளர்ந்துவிடுவானோ, அவனுடைய வம்சம் அவனோடு மறைந்துவிடுமோ என்றே அஞ்சினார். இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் கடந்து மக்கா வந்து சேர்ந்தார்.

சகோதரர்களே, இங்கே இன்னொரு வரலாற்றையும் நினைத்துப் பாருங்கள். ஹாஷிம் இறந்ததும் இதே காஸாவில்தான். அவருடைய மகன் யஸ்ரிபில் தாயிடம் வளர்ந்தபோது, தேடிப் போய் மக்காவுக்கு அழைத்து வந்து வளர்த்தவர் சிறிய தந்தை முத்தலிப். அந்தப் பிள்ளைதான் நபி (ஸல்) அவர்களின் பாட்டனார் அப்துல் முத்தலிப். அன்று முத்தலிப் ஓர் அநாதைக்குச் செய்ததை, பல தலைமுறைகளுக்குப் பின் முத்தலிபின் குடும்பத்து அநாதைக்கு ஒரு தாய் செய்தார்.

மக்கா வந்த பிறகு அந்தத் தாய் என்ன செய்தார்? நீ பெரிய குடும்பத்துப் பிள்ளை என்று சொல்லி மகனைச் சும்மா உட்கார வைக்கவில்லை. மக்தபில் சேர்த்தார். உஸ்தாதுக்குக் கொடுக்கக் கையில் காசில்லை. உஸ்தாத் இல்லாத நேரங்களில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதையே அந்தச் சிறுவர் கட்டணமாகக் கொடுத்தார். ஏழு வயதில் குர்ஆன் மனனம். பத்து வயதில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா மனனம். எழுதக் காகிதம் வாங்க வசதியில்லை. எலும்புகளைப் பொறுக்கி வந்து எழுதினார். அரசு அலுவலகத்தில் எழுதி ஒதுக்கிய தாள்களைக் கேட்டு வாங்கி, அவற்றின் பின்பக்கத்தில் எழுதினார். எழுதிய எலும்புகளால் அந்த வீட்டின் பழைய ஜாடிகள் நிறைந்தன. அவற்றைக் குப்பையென்று தூக்கிப் போடாத ஒரு தாய் அந்த வீட்டில் இருந்தார்.

அவர் வெறும் பாசமுள்ள தாய் மட்டுமல்ல, மார்க்கம் விளங்கியவர். ஒருமுறை இன்னொரு பெண்ணோடு மக்காவின் காழியிடம் சாட்சி சொல்லப் போனார். காழி இருவரையும் பிரித்துத் தனித்தனியே விசாரிக்க விரும்பினார். ஒருத்தி மறந்தால் மற்றவள் நினைவூட்டுவதற்காகவே இரு பெண்களைச் சாட்சியாக்கும் சட்டம் வந்தது. பிரித்துவிட்டால் எப்படி நினைவூட்டுவது என்று குர்ஆனைக் கொண்டே அவர் எடுத்துரைத்ததாக அறிஞர்கள் பதிவு செய்துள்ளனர். பிற்காலத்தில் சட்டத்தின் அடிப்படைகளை வகுத்து ரிஸாலா என்ற நூலை எழுதிய மகனுக்கு, ஆதாரம் காட்டிப் பேசும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று இனியும் கேட்க வேண்டுமா?

மகன் ஹுதைல் கோத்திரத்தாரோடு தங்கி, தூய அரபு மொழியைக் கற்றார். மதீனா சென்று இமாம் மாலிக் அவர்களிடம் பாடம் கேட்டார். பிறகு யமனில் ஒரு பணி கிடைத்தபோது பயணத்துக்குப் பணமில்லை. பதினாறு தீனாருக்கு வீட்டையே அடகு வைத்து அந்தத் தாய் மகனை அனுப்பி வைத்தார்.

அங்கே ஒரு சோதனை வந்தது. எந்த வம்சத்தைத் தாய் பாதுகாத்தாரோ, அந்த வம்சமே ஆபத்தானது. நபியின் குடும்பத்தாரோடு சேர்ந்து ஆட்சிக்கு எதிராகச் செயல்படுகிறார் என்ற குற்றச்சாட்டில், ஹிஜ்ரி 184-ல் பக்தாதுக்கு, கலீஃபா ஹாரூன் ரஷீதின் முன் கொண்டு செல்லப்பட்டார். அவரைக் காப்பாற்றியது குறைஷி என்ற பெயரா? இல்லை. அல்லாஹ்வின் அருளால், அவர் கற்ற கல்வி. அவருடைய கல்வியை அறிந்து நல்வார்த்தை சொன்னவர் இமாம் முஹம்மது இப்னுல் ஹஸன் (ரஹ்). பிறகு அவரிடமே மாணவராக அமர்ந்தார் நம் இமாம். ஹிஜ்ரி 204-ல், 54 வயதில், எகிப்தில் வஃபாத்தானார்கள்.

அன்பானவர்களே! வம்சத்தை மட்டும் கொடுத்தால் பிள்ளைக்குப் பெருமை வரும். அதோடு கல்வியையும் கொடுத்தால்தான் பொறுப்பு வரும். அந்தத் தாய் இரண்டையும் கொடுத்தார். நாம் பிள்ளைக்கு அழகான அரபிப் பெயர் வைக்கிறோம். அந்தப் பெயருக்குரியவர் யார், எப்படி வாழ்ந்தார் என்று என்றாவது உட்கார்ந்து சொல்லியிருக்கிறோமா? பாட்டனார், பாட்டிமாரோடு பேச நேரம் கொடுக்கிறோமா? வேலை நிமித்தம் ஊர் மாறும்போது சம்பளத்தைப் பார்க்கிறோம். அங்கே நம் பிள்ளை யாரோடு வளரும் என்று பார்க்கிறோமா?

நம் மஹல்லாவில் தந்தையை இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். தனியாகப் போராடும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய ஜாடியில் என்ன எலும்புகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன என்று நமக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையின் மத்ரஸா செலவையும் பள்ளிக் கட்டணத்தையும் விசாரியுங்கள். இந்த ஜும்ஆ முடிந்து வீடு போகும் முன்னே விசாரியுங்கள்.

நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாகவும், தாம் யார் என்பதை உணர்ந்தவர்களாகவும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.