எழுத்தால் உரிமை தேடிய இரட்டைமலை சீனிவாசனார்

செங்கற்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்து, நம் ஊத்துக்குளிக்கு மேற்கேயுள்ள கோயம்புத்தூரில் கல்லூரிக் கல்வி பயின்றவர் இரட்டைமலை சீனிவாசனார். சாதி வெளிப்பட்டுவிடுமோ என்றஞ்சி, உடன்பயில்வாரோடு பழகாது ஒதுங்கியிருந்தார். அவ்வச்சத்தை வென்று, இழிவாக வழங்கப்பட்ட பெயரையே தலைப்பாக்கி, 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அவ்வாண்டே, ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் உயர்சாதியாரே அதிகாரிகளாய் நிறைவர் என்றெதிர்த்து, 3,412 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை இலண்டன் பாராளுமன்றத்திற்கு அனுப்பினார். பொதுச்சாலை, கிணறு, குளம் யாவர்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டசபையில் நிறைவேறச் செய்தார். 1939-இல் தம் வாழ்க்கைச் சுருக்கத்தை நூலாக்கி, 1945-இல் மறைந்தார்.

இதழ் நம்மவரைத் திரட்டியது. விண்ணப்பம் ஆள்வோர் செவியை எட்டியது. தீர்மானம் உரிமையை அரசு ஏட்டில் ஏற்றியது. தன்வரலாறு வழித்தோன்றல்களுக்கு வழிகாட்டியது. எவரிடம் எதை எவ்வடிவில் எழுதுவது என்பதை அவரிடம் நாம் கற்கிறோம். பனியன் கம்பெனிக்குச் செல்லும் இளைஞர்களே! வாய்ச்சொல் காற்றோடு போகும். கிணற்றுக்கும் கூலிக்கும் மனு எழுதுவோம். நம் முதியோர் பட்ட பாட்டை ஏட்டில் பதிவோம். கற்ற கல்வி அதற்கே.