அவசரத்தால் வீழ்ந்த தளபதி!

வகுப்பிலேயே கடைசி ரேங்க் வாங்கிய ஒருவர், 23 வயதில் ராணுவத் தளபதி ஆனார் என்றால் நம்புவீர்களா குட்டீஸ்? அவர்தான் அமெரிக்காவைச் சேர்ந்த ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் கஸ்டர்.

1839ம் ஆண்டு டிசம்பர் 5ம் தேதி, ஒஹையோ மாநிலத்தில் உள்ள நியூ ரம்லி என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை இரும்புக் கொல்லர். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்த கஸ்டருக்கு, படிப்பைவிட குறும்பில்தான் ஆர்வம். 1861ல், 34 பேரில் கடைசி ஆளாகத் தேறினார்.

அப்போது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. வடக்கு மாநிலங்களின் படையில் போரிட்ட கஸ்டர், எதிரியைக் கண்டால் குதிரையில் முதல் ஆளாகப் பாய்வார். அந்தத் துணிச்சலுக்காக, 1863ல் பிரிகேடியர் ஜெனரல் பதவி கிடைத்தது.

போர் முடிந்தபின் ஏழாவது குதிரைப்படைக்கு வந்தார். மேற்கே வாழ்ந்த பூர்வகுடி மக்களை அடக்குவதே அப்படையின் வேலை. 1868ல் வாஷிட்டா ஆற்றங்கரையில், படையை நான்காகப் பிரித்து, செயன் இனத்தவரின் குடியிருப்பை விடியற்காலையில் தாக்கினார். பெண்களும், குழந்தைகளும்கூட பலியாயினர்.

அதே ஆண்டு, பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதி லகோட்டா மக்களுக்கே உரியது என்று அரசு ஒப்பந்தம் செய்திருந்தது. ஆனால், 1874ல் கஸ்டர் தலைமையில் சென்ற குழு அங்கே தங்கத்தைக் கண்டது. அவ்வளவுதான்... அரசின் மனம் மாறியது. தங்கள் மண்ணை விற்க லகோட்டாக்கள் மறுத்தனர். அவர்கள் மீது படை ஏவப்பட்டது.

1876 ஜூன் 25. மொன்டானா பகுதியில், லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லகோட்டா, செயன் மக்கள் ஆயிரக்கணக்கில் கூடாரமிட்டிருந்தனர். கஸ்டரிடம் இருந்ததோ சுமார் 600 பேர்தான். குடியிருப்பு மிகப் பெரியது என்று ஒற்றர்கள் எச்சரித்தனர். எதிரிகள் தப்பி ஓடிவிடுவார்களோ என்பதுதான் கஸ்டரின் கவலை! பின்னால் வந்த படைக்காகக் காத்திருக்கவில்லை. கூடுதல் வீரர்களைத் தர முன்வந்தபோதும், அவர் முன்பே மறுத்திருந்தார்.

வாஷிட்டாவில் செய்ததுபோலவே படையைப் பிரித்தார். மேஜர் ரெனோவின் பிரிவு முதலில் தாக்கி, தோற்றுப் பின்வாங்கியது. கேப்டன் பென்டீனின் பிரிவு தொலைவில் இருந்தது. மேடுகளுக்கு அப்பால் சென்ற கஸ்டருக்கு உதவ யாருமில்லை. குடும்பத்தைக் காக்கப் போராடிய பூர்வகுடி வீரர்கள், கிரேஸி ஹார்ஸ் போன்றோரின் தலைமையில் சூழ்ந்துகொண்டனர். கஸ்டரும், அவருடன் இருந்த 200க்கும் மேற்பட்டோரும் மடிந்தனர். அவரது இரண்டு தம்பிகளும் அதில் அடக்கம். அப்போது கஸ்டருக்கு வயது 36.

வென்றவர்களுக்கும் நிம்மதி கிடைக்கவில்லை. மேலும் படைகளை அனுப்பிய அரசு, 1877ல் பிளாக் ஹில்ஸைப் பறித்துக்கொண்டது.

கஸ்டரின் பெயரில் இருந்த அந்தப் போர்க்கள நினைவிடம், 1991ல் லிட்டில் பிக்ஹார்ன் என்று பெயர் மாற்றப்பட்டது. 2003ல் பூர்வகுடி வீரர்களுக்கும் அங்கே நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது.

எதிரியின் பலத்தைக் குறைத்து எடைபோட்டது, தன் பலத்தைத் தானே பிரித்தது, எச்சரித்தவர் பேச்சைக் கேட்காதது... கஸ்டர் செய்த தவறுகள் இவை. பிறர் மண்ணைப் பறிக்கப் புறப்பட்டது, அவரும், அவரை அனுப்பிய அரசும் செய்த தவறு. துணிச்சல் நல்லதுதான் குட்டீஸ்! அதோடு நிதானமும், நியாயமும் சேர்ந்திருக்க வேண்டும்.