தோல்வியைச் சந்தைக்கு அனுப்பாத மசாரு இபுகா

கையடக்க இலத்திரனியல் கருவிகள் இன்று வாழ்வின் பிரிக்க முடியாத அங்கமாகிவிட்டன. அவற்றின் வரலாற்றில் சோனி நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான மசாரு இபுகாவுக்குத் தனியிடம் உண்டு. அவரது வெற்றிகளைப் பலரும் அறிவர். அவ்வெற்றிகளுக்கு அடித்தளமாக அமைந்த தோல்விகளே நாம் கருத்திற்கொள்ள வேண்டியவை.

1908 ஆம் ஆண்டு ஜப்பானின் நிக்கோ நகரில் பிறந்த இபுகா, இளம் பராயத்திலேயே தந்தையை இழந்தவர். வசேடா பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற அவர், யுத்த காலத்தில் இராணுவத்துக்கான கருவிகளை உருவாக்கும் பணியில் ஈடுபட்டிருந்தபோது அக்கியோ மொரிட்டாவைச் சந்தித்தார். 1945 இல் யுத்தம் ஓய்ந்ததும், குண்டுவீச்சில் சிதைந்த டோக்கியோவின் அங்காடிக் கட்டடமொன்றில் சிறு தொழிலகத்தை ஆரம்பித்தார்.

அங்கு உருவான முதற் பொருட்களுள் ஒன்று மின்சாரச் சோற்றுப்பானை. மரத்தொட்டியின் அடியில் அலுமினியத் தகடுகளைப் பொருத்தி, ஈர அரிசியினூடாக மின்சாரத்தைச் செலுத்துவதே அதன் செயன்முறை. அரிசியின் வகையும் நீரின் அளவும் மாறுபட, சோறு ஒருநாள் குழைந்தது, மறுநாள் வேகாதிருந்தது. வருமானம் மிக அவசியமாக இருந்த அந்நாளிலும் அப்பானை விற்பனைக்கு வரவில்லை.

1946 மே மாதம் இபுகாவும் மொரிட்டாவும் இணைந்து நிறுவனத்தை முறைப்படி ஆரம்பித்தனர். 1952 இல் அமெரிக்கா சென்ற இபுகா, அங்கு திரான்சிஸ்டரைப் பற்றி அறிந்தார். அதன் உற்பத்தி உரிமத்துக்கான கட்டணம் 25,000 டொலர். அந்நியச் செலாவணியை அனுமதிக்க ஜப்பானிய அரசு தயங்கியது. திரான்சிஸ்டர் செவிப்புலன் கருவிக்கு மட்டுமே உகந்தது என்பது உரிமம் வழங்கியவர்களின் கருத்து. இபுகாவோ அதில் வானொலியைக் கண்டார். தொழிற்கூடத்தில் ஆரம்பத்தில் தயாரான திரான்சிஸ்டர்களில் பெரும்பாலானவை பயனற்றுப் போயின. ஆயினும் முயற்சி கைவிடப்படவில்லை.

1954 இல் அமெரிக்க நிறுவனமொன்று திரான்சிஸ்டர் வானொலியை முதலில் சந்தைப்படுத்தி முந்திக்கொண்டது. இபுகாவின் குழுவினர் உருவாக்கிய ரி.ஆர். 52 என்ற மாதிரியின் பிளாஸ்டிக் முகப்போ வெப்பத்தில் நெளிந்தது. போட்டியாளர் முன்னே சென்றுவிட்ட நிலையிலும் அம்மாதிரி கைவிடப்பட்டது. குறை களைந்து உருவான ரி.ஆர். 55, 1955 ஓகஸ்டில் ஜப்பானின் முதலாவது திரான்சிஸ்டர் வானொலியாக விற்பனைக்கு வந்தது. 1957 இல் வெளிவந்த ரி.ஆர். 63, வானொலியைச் சட்டைப்பைக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தது. 1958 இல் நிறுவனம் சோனி எனப் பெயர் மாற்றம் பெற்றது.

முதுமையிலும் அவரது பார்வை மாறவில்லை. நீண்ட விமானப் பயணங்களில் இசை கேட்க விரும்பிய அவரது வேண்டுகோளின்பேரில், செய்தியாளர்களுக்கான சிறு ஒலிப்பதிவுக் கருவியொன்று மாற்றியமைக்கப்பட்டது. ஒலிப்பதிவு வசதி நீக்கப்பட்டுச் செவிப்பன்னி சேர்க்கப்பட்டது. 1979 இல் ஜப்பானில் அறிமுகமான வோக்மன் அதன் விளைவே.

1997 டிசம்பர் 19 இல் இபுகா காலமானார். தொழிற்கூடத்தில் ஒரு மாதிரி தோற்பதால் ஏற்படும் நட்டம் சிறிது; அக்குறையோடு அது மக்களின் கைகளைச் சென்றடைந்தால் இழக்கப்படுவது நம்பிக்கை. புதிய தொழில்முயற்சிகளில் இறங்கும் இளைஞரும், அவர்களின் முதற் தோல்வியிலேயே பொறுமையிழந்துவிடும் சமூகமும் மனங்கொள்ள வேண்டிய பாடம் இதுவாகும்.