வ.உ.சி.யின் கப்பல் கம்பெனி ஏன் நிலைக்கவில்லை? 'சேஃப்டி மார்ஜின்' கணக்கு இதுதான்!

தூத்துக்குடி துறைமுகத்துக்கு இன்று வ.உ.சிதம்பரனார் பெயர். ஆனா, அவர் தொடங்கிய சுதேசி கப்பல் கம்பெனி 1911-லேயே கலைக்கப்பட்டது. மக்கள் ஆதரவு இருந்தும் ஏன்?

சேஃப்டி மார்ஜின்னா என்ன?

சரக்குக் கப்பலின் பக்கவாட்டில் ஒரு கோடு இருக்கும். தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டும் அளவுக்குச் சரக்கு ஏற்றக் கூடாது. கோட்டுக்கு மேலே மிச்சம் இருக்கும் உயரம்தான் பேரலை வந்தா கப்பலைக் காப்பாத்தும். பிரிட்டனில் 1876-லேயே இந்தக் கோட்டைச் சட்டம் கட்டாயமாக்கியது. பாலம், லிஃப்ட் கயிறு, வங்கிக் கையிருப்பு என எல்லாத்துலயும் இப்படி ஒரு 'மிச்சம்' வைப்பாங்க. கம்பெனிக்கும் அது வேணும்.

யார் இந்த வ.உ.சி.?

1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வழக்கறிஞர். தூத்துக்குடி - கொழும்பு கப்பல் போக்குவரத்து அப்போது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கையில். அதை உடைக்க 1906 அக்டோபரில் சுதேசி கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதன இலக்கு 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள்.

முதலில் வாடகைக் கப்பல்தான். பிரிட்டிஷ் தரப்பு நெருக்கடி கொடுக்க, கப்பல் தந்தவர்கள் பின்வாங்கினார்கள். அலைந்து திரிந்து 'காலியா', 'லாவோ' என இரண்டு சொந்தக் கப்பல்களைக் கொண்டுவந்தார்.

எங்கே இடித்தது?

எதிர் கம்பெனி டிக்கெட்டை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசி எட்டணாவுக்கு இறங்கியது. அடுத்து இலவசப் பயணம், கூடவே ஒரு குடை என அவர்கள் ஆசை காட்டினார்கள். பல கடல்களில் கப்பல் ஓட்டிய கம்பெனிக்கு இந்த ஒரு வழித்தட நஷ்டம் பெரிசில்லை. சுதேசிக்கோ இதுதான் எல்லாமே. பணத்தில் மிச்சம் இல்லை.

இன்னொரு சிக்கல், எல்லாமே வ.உ.சி.யை நம்பி நின்றது. 1908 மார்ச் 12-ல் அவர் கைதானார். இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனியே இல்லை. 'காலியா' போட்டிக் கம்பெனியிடமே விற்கப்பட்டிருந்தது.

சொந்த வாழ்க்கையிலும் அவர் மிச்சம் வைக்கவில்லை. வழக்கறிஞர் உரிமம் பறிபோய், வறுமையில் தவித்தார். நீதிபதி வாலஸ் முயற்சியால் உரிமம் திரும்பக் கிடைத்தது. நன்றியாக மகனுக்கு வாலேஸ்வரன் எனப் பெயர் வைத்தார். 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் காலமானார்.

நமக்கு என்ன பாடம்?

அரசாங்கமே எதிரே நின்றால் எவ்வளவு மிச்சமும் போதாமல் போகலாம். ஆனா கடையோ, குடும்பமோ நடத்துறவங்க ரெண்டு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: சில மாசம் வருமானம் நின்னா தாங்குமா? பொறுப்பில் இருக்கும் அந்த ஒருத்தர் இல்லைன்னா, அடுத்து யார் பார்ப்பாங்க?