‘மேன் ஆஃப் தி இயர்’ விருது பெற்ற பெண்: கணினி முன்னோடி கிரேஸ் ஹாப்பர்

அமெரிக்காவின் தரவுச் செயலாக்க மேலாண்மைச் சங்கம் 1969-ஆம் ஆண்டு கணினித் துறைக்கென ஒரு விருதை முதன்முறையாக வழங்கியது. ஆண்டின் சிறந்த ஆடவர் எனப் பொருள்படும் ‘மேன் ஆஃப் தி இயர்’ என்பதே அதன் பெயர். முதல் விருதைப் பெற்றவரோ ஒரு பெண். அவர் அமெரிக்கக் கடற்படை அதிகாரியும் கணிதவியலாளருமான கிரேஸ் ஹாப்பர்.

நியூயார்க் நகரில் 1906 டிசம்பர் 9 அன்று பிறந்த ஹாப்பர், யேல் பல்கலைக்கழகத்தில் 1934-இல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். வாசர் கல்லூரியில் கற்பித்து வந்த அவர், இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் சேர முயன்றார். வயது அதிகம், உடல் எடை குறைவு என்ற காரணங்கள் குறுக்கே நின்றன. எடை விதியில் விலக்குப் பெற்று, 1943 டிசம்பரில் மகளிர் துணைப்படையில் இணைந்தார். பயிற்சியில் முதலிடம் பெற்ற அவரை, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஹோவர்டு எய்கன் தலைமையில் இயங்கிய மார்க்-1 கணிப்பொறிப் பிரிவுக்குக் கடற்படை அனுப்பியது. 500 பக்கங்களுக்கும் மேற்பட்ட அதன் கையேட்டை உருவாக்கியதில் பெரும்பங்கு அவருடையது.

போர் முடிந்தபின் நிரந்தரக் கடற்படையில் சேர அவர் விடுத்த கோரிக்கை, 38 வயதைக் காரணம் காட்டி மறுக்கப்பட்டது. ஹார்வர்டில் பெண்கள் நிரந்தரப் பதவி பெறுவது அக்காலத்தில் மிக அரிது. ஒப்பந்த ஆய்வாளராகவே நீடித்த ஹாப்பர், 1949-இல் எக்கர்ட்-மாக்லி நிறுவனத்துக்குச் சென்றார்.

இயந்திரத்தை வடிவமைப்பது ஆண்களின் பணி, அதற்குக் கட்டளைகள் எழுதுவது எழுத்தர் வேலை என்று கருதப்பட்ட காலம் அது. எக்கர்ட்டும் மாக்லியும் முன்னர் உருவாக்கிய எனியாக் கணிப்பொறிக்கு நிரல் அமைத்த ஆறு பெண்களும், 1946-இல் அது பொதுமக்களுக்கு அறிமுகம் செய்யப்பட்டபோது உரிய அங்கீகாரம் பெறவில்லை.

ஹாப்பர் 1952-இல் ‘கம்பைலர்’ எனப்படும் நிரல் தொகுப்பியின் முதல் வடிவங்களுள் ஒன்றை உருவாக்கினார். கணிப்பொறி கணக்குப் போட மட்டுமே உதவும் என நம்பிய பலர் அதைப் பயன்படுத்தத் தயங்கினர். அவர் தளரவில்லை. ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளையிட வகைசெய்யும் ஃப்ளோ-மேட்டிக் மொழியை அவரது குழு உருவாக்கியது. அரசுத் துறையினரும் நிறுவனங்களும் கூடி 1959-இல் வடிவமைக்கத் தொடங்கிய கோபால் மொழிக்கு அதுவே முக்கிய அடித்தளம். உலகெங்கும் பல வங்கிகளின் கணக்குகள் இன்றும் கோபால் மொழியில் இயங்குகின்றன.

ஆயினும் 1947-இல் மார்க்-2 இயந்திரத்தில் சிக்கிய விட்டில் பூச்சியின் கதையே அவர் பெயருடன் அதிகம் பேசப்படுகிறது. அதைக் கண்டெடுத்தவர் அவரல்லர். கோளாறைக் குறிக்கும் ‘பக்’ என்ற சொல்லும் அதற்கு முன்பே வழக்கில் இருந்தது. தொகுப்பியை விட்டுவிட்டுப் பூச்சியை நினைவில் வைத்திருப்பது விந்தைதான்.

வயதைக் காட்டி மறுத்த அதே கடற்படை, 1966-இல் ஓய்வுபெற்ற அவரை மறு ஆண்டே மீண்டும் அழைத்தது. ஆறு மாதப் பணியாகத் தொடங்கியது, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீண்டது. ரியர் அட்மிரல் நிலையில் 1986-இல் அவர் விடைபெற்றபோது வயது 79. அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் பெறுவோரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக இருந்த பெண்களின் விகிதம், அந்த ஆண்டுகளில்தான் சரியத் தொடங்கியிருந்தது.

ஹாப்பர் 1992 ஜனவரி 1 அன்று காலமானார். கணினித் துறைப் பெண்களுக்காக அவர் பெயரில் 1994-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட மாநாட்டின் இந்தியப் பதிப்பு, 2010-இல் பெங்களூருவில் தொடங்கியது.