ஒரே கதை, ரெண்டு படம்... ஜேம்ஸ் பாண்டை உருவாக்கியவரை உலுக்கிய வழக்கு!

ஜேம்ஸ் பாண்ட் படங்களை வரிசையா உட்கார்ந்து பார்த்திருக்கீங்களா? பாதி தாண்டுறதுக்குள்ள ஒரு டவுட் வந்திருக்குமே... இந்தக் கதையைப் போன வாரம்தானே பார்த்தோம்?

டவுட்டே வேணாம், பார்த்திருப்பீங்க. 1965-ல் வந்த 'தண்டர்பால்' படத்தில் ஒரு கும்பல் ரெண்டு அணுகுண்டுகளைத் திருடும். 1983-ல் வந்த 'நெவர் சே நெவர் அகெய்ன்' படத்திலும் அதே ரெண்டு அணு ஆயுதங்கள், அதே திருட்டு. ரெண்டிலும் வில்லன் பெயர் லார்கோ. அவனுடைய காதலி டோமினோ. கிளைமாக்ஸில் அவனைக் கொல்வதும் அவள்தான். அட, பாண்டாக நடித்ததும் ரெண்டிலும் ஷான் கானரிதான்!

நமக்கு இது ஜாலியான டிரிவியா. ஆனா, பாண்டை உருவாக்கிய இயன் ஃப்ளெமிங்குக்கு இது கடைசி வருஷங்களின் நிம்மதியைப் பறித்த விவகாரம்.

எதிலும் நிலைக்காத பையன்

1908 மே 28-ம் தேதி லண்டனில் பிறந்தவர் ஃப்ளெமிங். வசதியான குடும்பம். அப்பா எம்.பி. முதல் உலகப்போரில் அப்பா இறந்தபோது ஃப்ளெமிங்குக்கு 9 வயதுகூட நிரம்பவில்லை. அவருக்கு அஞ்சலிக் குறிப்பு எழுதியவர் வின்ஸ்டன் சர்ச்சில். அப்படி ஒரு அப்பாவோட பையன்னா எல்லோரும் என்ன எதிர்பார்ப்பாங்க?

ஆனா, ஃப்ளெமிங்குக்கு எதுவும் செட் ஆகவில்லை. ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து, பாதியில் வெளியே வந்தார். வெளியுறவுத்துறைத் தேர்வு எழுதினார், வேலை கிடைக்கவில்லை. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தில் நிருபராக இருந்தார், 1933-ல் மாஸ்கோ வரை போய் ஒரு வழக்கு விசாரணையைப் பற்றி எழுதினார். பிறகு வங்கி, பங்குச்சந்தை... எதிலும் மனசு ஒட்டவில்லை.

1939-ல்தான் திருப்பம். பிரிட்டிஷ் கடற்படை உளவுப்பிரிவின் தலைவர் ஜான் காட்ஃப்ரே, இவரைத் தன் உதவியாளராக எடுத்துக்கொண்டார். ஃப்ளெமிங் நேரில் போய்த் துப்பாக்கி தூக்கும் ஆள் இல்லை. ஆபீஸில் உட்கார்ந்து திட்டம் போடுகிற மூளை. ஆனா அங்கே பார்த்ததையும் கேட்டதையும் மறக்கவே இல்லை. கதைகளில் வருகிற பாண்டின் கண்டிப்பான பாஸ் 'எம்' பாத்திரத்தில் காட்ஃப்ரேயின் சாயல் நிறையவே உண்டு.

ஒரே வீடு, ஒரே மாசம், ஒரே அச்சு

போர் முடிந்ததும் ஜமைக்கா தீவில் கடலோரமாக ஒரு வீடு கட்டி, 'கோல்டன்ஐ' என்று பெயர் வைத்தார். அது போர்க்காலத்தில் அவர் வேலை பார்த்த ஒரு ரகசியத் திட்டத்தின் பெயர். பத்திரிகை வேலைக்குச் சேரும்போதே, குளிர்காலத்தில் நீண்ட லீவு வேணும்னு பேசி வாங்கிக்கொண்டார் மனுஷன்!

1952-ன் தொடக்கத்தில், கல்யாணத்துக்குச் சில வாரங்களே இருந்த நேரத்தில், அந்த வீட்டில் 'கேசினோ ராயல்' நாவலை எழுதினார். ஹீரோவுக்குப் பெயர் வேணுமே? ஷெல்ஃபில் மேற்கிந்தியத் தீவுகளின் பறவைகள் பற்றி ஒரு புத்தகம் இருந்தது. அதை எழுதிய அறிஞரின் பெயர் ஜேம்ஸ் பாண்ட். சாதாரணமா, மொட்டையா இருந்த அந்தப் பெயர் பிடித்துப்போனது.

அதுக்கப்புறம் வருஷா வருஷம் அதே ரொட்டீன். ஜனவரியில் ஜமைக்கா, காலையில் டைப்ரைட்டர், கிளம்பும்போது கையில் ஒரு நாவல். கதையும் ஒரே அச்சுதான். பாஸ் ரூமில் அசைன்மென்ட், வில்லனோடு ஒரு சூதாட்டமோ விளையாட்டோ, பிடிபடும் பாண்ட், தன் திட்டத்தைப் பொறுமையா விளக்கும் வில்லன், கடைசி நிமிஷத்தில் தப்பித்தல். வாசகர்கள் அதைத்தான் விரும்பினாங்க.

சினிமாக்காரர்கள் பல நேரம் கதையைத் தூக்கிப் போட்டுவிட்டு, இந்த அச்சை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. 1967-ல் வந்த 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' படத்தில் ஒரு ராக்கெட் இன்னொரு விண்கலத்தை விழுங்கும். 1977-ல் வந்த 'தி ஸ்பை ஹூ லவ்ட் மீ'யில் ஒரு கப்பல் நீர்மூழ்கிக் கப்பல்களை விழுங்கும். 1979-ல் 'மூன்ரேக்கர்' வில்லன், கடலுக்குப் பதில் விண்வெளியில் புது உலகம் கட்டப் பார்ப்பான். மூணுக்கும் டைரக்டர் ஒருவரே, லூயிஸ் கில்பர்ட்!

இதெல்லாம் சொந்த வீட்டுச் சமையல். தன் கதையைத் தானே திரும்பச் சொன்னால் யார் கேட்கப் போறாங்க? 'தண்டர்பால்' விஷயம் அப்படி இல்லை.

கோர்ட் படியேறிய கதை

1959-ல் பாண்டை சினிமாவுக்குக் கொண்டுபோக, கெவின் மெக்ளோரி என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்தார் ஃப்ளெமிங். ஜாக் விட்டிங்ஹாம் திரைக்கதை எழுதினார். படம் நடக்கவில்லை. அடுத்த வருஷம் வழக்கம்போல ஜமைக்கா போன ஃப்ளெமிங், அந்தக் கதையையே நாவலாக்கினார். 1961-ல் 'தண்டர்பால்' வெளியானபோது மற்ற இருவரின் பெயர்களும் அதில் இல்லை.

ரெண்டு பேரும் கோர்ட்டுக்குப் போனாங்க. அடுத்த மாசமே ஃப்ளெமிங்குக்கு மாரடைப்பு. சிகரெட்டும் மதுவும் ஏற்கெனவே உடம்பைக் கெடுத்திருந்தன. படுக்கையில் ஓய்வெடுத்த நாள்களில், மகன் காஸ்பருக்குச் சொன்ன பறக்கும் கார் கதையை எழுதினார். 'சிட்டி சிட்டி பேங் பேங்' அப்படித்தான் பிறந்தது.

1963 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் விசாரணை. உடம்பு தாங்காத நிலையில், நண்பரின் யோசனையைக் கேட்டு சமரசத்துக்கு ஒப்புக்கொண்டார். கதையின் சினிமா உரிமை மெக்ளோரிக்குப் போனது. நாவலின் அடுத்தடுத்த பதிப்புகளில் மூன்று பெயர்களையும் போட வேண்டியதாயிற்று.

ஒன்பது மாசத்துக்குள், 1964 ஆகஸ்ட் 12-ம் தேதி, இன்னொரு மாரடைப்பில் ஃப்ளெமிங் இறந்தார். வயது 56. அன்று காஸ்பரின் 12-வது பிறந்தநாள். அதுவரை வந்திருந்தது ரெண்டே ரெண்டு பாண்ட் படங்கள். மூன்றாவது படமான 'கோல்டுஃபிங்கர்', அடுத்த மாசம் ரிலீஸாகி உலகத்தையே கலக்கியது. அதைப் பார்க்க அவர் இல்லை.

போன பிறகும் விடாத வழக்கு

இப்போ அந்த ரெண்டு படங்களுக்கு வருவோம். 1965-ல் பாண்ட் தயாரிப்பாளர்களோடு சேர்ந்து 'தண்டர்பால்' எடுத்த மெக்ளோரி, கையில் இருந்த உரிமையை வைத்து 1983-ல் அதே கதையை மறுபடி படமாக்க வழி செய்தார். அதே வருஷம் ரோஜர் மூர் நடித்த 'ஆக்டோபஸி'யும் போட்டிக்கு வந்தது. நம்ம சென்னை டென்னிஸ் ஸ்டார் விஜய் அமிர்தராஜ் நடித்தாரே, அதே படம்தான்!

ஃப்ளெமிங் அந்த நாவலில்தான் ப்ளோஃபெல்டு என்ற வில்லனைக் கொண்டுவந்தார். அவனுக்குத் தன் பிறந்த தேதியையே கொடுத்தார், வருஷம்கூட மாறாமல்! ஆனா, உரிமைச் சண்டையால் அவனையும் அவனுடைய 'ஸ்பெக்டர்' கும்பலையும் பாண்ட் படங்கள் பல வருஷம் பெயர் சொல்லித் தொட முடியவில்லை. 2013-ல்தான் மெக்ளோரி தரப்பிடமிருந்து உரிமை திரும்பி வந்தது. 2015-ல் 'ஸ்பெக்டர்' என்ற பெயரிலேயே படம் வந்தது.

அந்த நாவலின் முதல் பதிப்பிலேயே ரெண்டு பெயர்களைச் சேர்த்திருந்தால், அரை நூற்றாண்டுச் சண்டையே வந்திருக்காதோ என்னவோ. ஃப்ரெண்ட்ஸோட சேர்ந்து ஒரு ஷார்ட் ஃபிலிமோ, ரீல்ஸோ பண்றவங்களா நீங்க? டைட்டில் கார்டுல எல்லாப் பெயரும் இருக்கான்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க!